சத்தமில்லாத மெஷின்

இரண்டு பழைய லேப்டாப்களை மேசைமேல் ஒட்டி வைத்து, இரண்டு கட்டைவிரல்களாலும் ஒரே சமயத்தில் பொத்தானை அழுத்துகிறார். எது முதலில் விழிக்கிறது என்று திரையைப் பார்ப்பார் என நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். கண்ணை மூடிக்கொண்டு, சூடான காற்று வெளிவரும் ஓட்டையில் காதை வைக்கிறார். முதலில் இடப்பக்கத்து மெஷின், பிறகு வலப்பக்கத்து மெஷின். தெருவில் அவருக்குக் 'காதுக்காரர்' என்றே பெயர். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

பழைய லேப்டாப்களை வாங்கிப் பழுது பார்த்து விற்பது தொழில். வீட்டின் முன்னறைதான் கடை. பிரித்துப் போட்ட விசைப்பலகைகள், விரிசல் விட்ட திரைகள், ஒரு ஓரத்தில் ஈயம் உருகிய வாசனை. திருகாணிகளையெல்லாம் காலி மருந்துப் புட்டிகளில் போட்டு வைத்திருக்கிறார். ஒரு வீட்டில் இத்தனை மருந்துப் புட்டி எப்படி வந்தது என்று முதல் தடவை எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கடையில் ரேடியோ கிடையாது. மின்விசிறியும் ஓடாது. வேர்த்து வழிந்துகொண்டு பேரம் பேச வேண்டும், அதையும் ரகசியம் மாதிரி பேச வேண்டும். குரலை உயர்த்தினால் உள்ளறைத் திரைச்சீலைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கொஞ்சம் மெதுவா சார்" என்பார்.

நான் போனது, எழுதுவதற்கு ஒரு மலிவான மெஷின் வாங்க. விலை குறைந்த பழைய மெஷின்களில் இருக்கும் பிராசசர்களை, அதாவது அவற்றின் மூளைகளை, அவர் இரண்டே சாதியாகப் பிரித்து வைத்திருந்தார்: சாது, முரடன். "இவன் சாது. மெதுவாத்தான் யோசிப்பான். ஆனா சூடாகமாட்டான், அதனால உள்ள விசிறியே கிடையாது. அவன் முரடன். ரெண்டு மடங்கு வேகம். கொஞ்சம் வேலை குடுத்தீங்கன்னா கொதிப்பான், விசிறி ஓடியே ஆகணும்."

முரடனைவிடச் சாதுவின் மேல் ஒட்டியிருந்த மாடல் எண் பெரிதாக இருந்தது. பெரிய எண்தானே உசத்தி என்றேன். "அது கதவு நம்பர் மாதிரி சார். நம்பர் பெருசா இருந்தா வீடு பெருசுன்னு அர்த்தமா?"

"எனக்கு எது சரிப்படும்?"

"எழுதறதுக்குத்தானே? சாது போதும். பதறாத காரியம் சிதறாது."

வாங்கி வந்தேன். சிதறவில்லைதான். ஒரு வரியை அடித்துவிட்டு, அது திரையில் வந்து சேர்வதற்குள் அந்த வரி தேவையா என்று இரண்டு முறை யோசிக்கலாம். அதனால் என் எழுத்து கொஞ்சம் தேறியிருப்பதாக வீட்டில் சொல்கிறார்கள். ஆனாலும் பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு. சண்டை போடுவதற்காகவே மறுபடி போனேன்.

பாதிப் பேச்சில் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஏதோ ஒரு சத்தம். தொண்டையில் தண்ணீர் சிக்கியது போல, எனக்குக் கேட்டதா இல்லையா என்று கூடச் சொல்ல முடியாத சத்தம். திருப்புளியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். திரும்பி வரக் கொஞ்ச நேரமாயிற்று. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "எச்சில் புரை ஏறும் சார். அவளால கூப்பிட முடியாது. நான்தான் கேட்டுக்கணும்" என்றார். சண்டை போட வந்தவன் மெஷினைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

உள்ளே அவர் மனைவி படுத்திருக்கிறார். நரம்பைத் தின்னும் நோய். கால் போயிற்று, கை போயிற்று, பேச்சும் போயிற்று. வலக்கையின் ஆள்காட்டி விரல் மட்டும் மிச்சம். ஒரு காலத்தில் கடைக்கு வாய் அவர்தானாம். பேரம் பேசுவது, கடன் கேட்பவனைத் துரத்துவது, பக்கத்து வீட்டுக்காரியைச் சமாதானப்படுத்துவது எல்லாம் அந்த அம்மாள். "கல்யாணம் ஆன நாளா அவ பேசுவா, நான் தலையாட்டுவேன். எனக்குப் பேசவே தெரியாது சார். இப்பத்தான் கத்துக்கிட்டு வர்றேன்."

மருத்துவமனையில் ஒரு கணினி நிரல் கொடுத்தார்கள். திரையில் எழுத்துகள் வரிசையாக நிற்கும், ஒரு மஞ்சள் கட்டம் அவற்றின்மேல் நகர்ந்துகொண்டே போகும். வேண்டிய எழுத்துக்கு வந்ததும் விரலால் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். பழைய நிரல், புது மெஷினில் ஓடாது. அவருடைய மச்சான் புத்தம் புதிதாக ஒன்று வாங்கி வந்து, அசடு வழியத் திருப்பி எடுத்துப்போனார். மிச்சம் இருந்தவை சாதுவும் முரடனும்தான்.

சாதுவைக் கொடுத்துப் பார்த்தார். கட்டம் திக்கித் திக்கி நகர்ந்தது. அந்த அம்மாள் சரியான எழுத்தில்தான் அமுக்கினார், மெஷின் அதைப் புரிந்துகொள்வதற்குள் கட்டம் அடுத்த எழுத்துக்குப் போயிருந்தது. தலையணையை மாற்றச் சொல்வதற்கு அரைப்பகல் போராடிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாராம். முரடனைக் கொடுத்தால் எழுத்து சரியாக விழுந்தது. ஆனால் அவன் விசிறி போட்ட இரைச்சலில், முன்னறையில் உட்கார்ந்திருப்பவருக்குப் புரை ஏறும் சத்தம் கேட்காது.

"இவனோட மூளையை எடுத்து அவனுக்கு வைக்க முடியாதா?" என்றேன் விவரம் தெரியாமல்.

"மலிவு மெஷின்ல அதைப் போர்டோட ஈயம் வச்சு ஒட்டியிருப்பாங்க சார். பிறந்த வீட்டை விட்டு வராது."

அதனால் முரடனின் விசிறியைக் கழற்றிவிட்டார். எழுத்தின்மேல் ஒரு கட்டம் ஓடுவதற்கு என்ன பெரிய சூடு வந்துவிடப்போகிறது என்ற கணக்கு. மெஷினைப் போர்வைமேல், மனைவியின் விரலுக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். "மெத்தை மேல வைக்காதீங்க, காத்து அடைஞ்சுடும்னு வர்றவங்ககிட்ட எல்லாம் ஓதறவன் நான். என் வீட்டுல வச்சேன்."

அன்று மத்தியானம் அந்த அம்மாள் தானாக எழுத ஆரம்பித்தார். தண்ணீர் கேட்கவில்லை, தலையணை கேட்கவில்லை. 'எனக்கு அப்புறம் நீங்க' என்று மூன்று வார்த்தை வந்தது. நாலாவது வருவதற்குள் மெஷின் சூடு தாங்காமல் அணைந்துபோயிற்று. ஆறவைத்து மறுபடி போட்டபோது அந்த அம்மாள் அலுத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு எத்தனை தடவை கேட்டும் அந்த வரியை முடிக்கவில்லை.

"வேற கல்யாணம் பண்ணிக்கோங்கன்னு சொல்ல வந்தாளா, பண்ணிக்கிட்டீங்கன்னா தெரியும் சேதின்னு சொல்ல வந்தாளா? ரெண்டும் அவ சொல்லக்கூடிய ஆள்தான்." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. விரலிலும் தெம்பு குறைந்துகொண்டே வருகிறது, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குள் எப்படியாவது ஒரு வேகமான, சத்தமில்லாத மெஷினைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்றுதான் இந்த மனிதர், கடைக்கு வருகிற ஒவ்வொரு ஓட்டை லேப்டாப்பிலும் காதை வைத்துக்கொண்டிருக்கிறார். அது தெரிந்த பிறகு, அவரைக் காதுக்காரர் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் போனேன். கடைக் கதவு பாதி சாத்தியிருந்தது. குரல் கொடுத்ததும், "உள்ள வாங்க சார், பரவாயில்ல" என்று உள்ளறையிலிருந்து பதில் வந்தது. வழக்கத்துக்கு மாறாகச் சத்தமான பதில்.

திரைச்சீலையை ஒதுக்கினேன். அறை முழுவதும் இரைச்சல். முரடனுக்கு விசிறியைத் திரும்ப மாட்டி, போர்வைமேல் ஒரு பலகை போட்டு அதன்மேல் வைத்திருந்தார். அந்த அம்மாளின் விரல் பொத்தான்மேல் இருந்தது. கட்டிலோடு ஒட்டிப் போட்ட முக்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"கடை?" என்றேன்.

"கிடக்கட்டும் சார். இங்கயே உக்காந்துட்டா சத்தம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன."

திரையில் 'எனக்கு அப்புறம் நீங்க' என்று இருந்தது. மனைவிக்கு அந்த மூன்று வார்த்தையின் பாடு மிச்சமாகட்டுமே என்று அவரே அடித்து வைத்திருக்கிறார். மஞ்சள் கட்டம் எழுத்துகளைக் கடந்து, அழிக்கிற குறிக்கு வந்தது. விரல் அசைந்தது. ஓர் எழுத்து போயிற்று. கட்டம் மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி அங்கே வரும்வரை காத்திருந்து அடுத்த எழுத்து, மறுபடி அடுத்தது. அவர் தடுக்கவில்லை. வெகுநேரம் கழித்துத் திரையில் ஒன்றும் மிச்சமில்லை.

"சரி, முதல்லேர்ந்தே சொல்லு. நான் எங்கயும் போகல" என்றார் அவர்.

வெளியே யாரோ கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. காதால் எதையும் பிரித்துக் கேட்க முடியாத அந்த இரைச்சலில், உள்ளங்கையை மனைவியின் மார்பின்மேல் வைத்து, மூச்சு ஏறி இறங்குவதைக் கையாலேயே கேட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார்.