சாலையை எந்தப் பக்கம் அகலப்படுத்துவது

நகரத் திட்டமிடல் படிக்க ஹைதராபாத் வந்த எனக்குக் கடைசி ஆண்டில் மௌலா அலி பகுதியில் ஒரு குறுகலான சந்துத் தெருவைக் கொடுத்தார்கள். அதை நடந்து பார்த்து, அளந்து, அகலச் சாலையாக மாற்றி வரைந்து காட்ட வேண்டும். வெறும் பயிற்சிதான். ஆனால் அதில் ஏற்கெனவே ஒரு தடவை தோற்றிருந்தேன். மறுபடியும் தோற்றால் படிப்பு போச்சு. என்னோடு டேப் பிடிக்க வேண்டிய கூட்டாளி சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்துப் பறந்துவிட்டான். ஊரே அப்போது அந்தப் பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

டேப்பின் நுனியில் கல்லை வைத்துவிட்டு எதிர்ச்சுவருக்கு ஓடுவேன். அதற்குள் கல் நகர்ந்துவிடும். நடுத்தெருவில் அழுகை வந்துவிட்டது. அதைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு வீட்டிலிருந்து ஓர் அக்கா இறங்கி வந்தார். தமிழ்க் குடும்பம், மாமனார் ரயில்வே பட்டறையில் உழைத்துக் கட்டிய வீடு. நுனியை வாங்கித் தன் சமையலறைச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“ரோடு எந்தப் பக்கம் வருது?”

“இது காலேஜ் பாடந்தான்க்கா. நெஜ ரோடு இல்ல.”

“பாடம்னா கைக்கு எங்க வூட்ட அளக்கற?”

அந்த ஊர் உருது கலந்த தமிழ்; ‘கைக்கு’ என்றால் ஏன், ‘நக்கோ’ என்றால் வேண்டாம். நான் குனிந்து அளவைக் குறித்துக்கொண்டேன்.

“நக்கோம்மா. காயிதத்துலயாவது எங்க வூட்ட வுட்டுடு.”

அதன்பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. வரைபடத்தில் சாலைக் கோட்டை இடப்பக்கம் தள்ளினால் அக்காவின் சமையலறை. வலப்பக்கம் தள்ளினால் எதிர்வீட்டு மாடிப்படி. யாரையும் இடிக்காத சாலை ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று பைத்தியம் பிடித்த மாதிரி அந்தச் சந்தில் நடந்தேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை. கடைசியில், வீடு குறுக்கே வந்த இடத்திலெல்லாம் சாலையைக் குறுக்கி வரைந்தேன். எலியை விழுங்கிய பாம்பு மாதிரி இருந்தது.

மதிப்பிட வந்தவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

“அங்கெல்லாம் வீடு இருக்கு சார்” என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

“இருக்கட்டும்” என்ற பாவனையில் தலையாட்டிவிட்டு, ஸ்கேலை வைத்துச் சிவப்புப் பேனாவால் ஒரே கோடு இழுத்தார். இவ்வளவுதான் விஷயம் என்று சொல்லி, என்னைத் தேர்ச்சி பெற வைத்தார்.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. நன்றி என்றேன். அக்கா டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்ற சுவரின் மேலேயே அந்தக் கோடு போயிருந்தது.