இடப்பக்கம் மட்டும் ஒழுகிய எச்சில்

சிறுமலைத் தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர் தன் ஊருக்குக் கப்பலேறியபோது, நாயை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். ஐம்பதுகளின் நடுப்பகுதி. தோட்டத்தின் திண்டுக்கல் ஆபீசில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். என் மனைவி இறந்தபின் வீட்டில் நான் ஒருவன்தான் என்பது அவருக்குத் தெரியும்.

மாஸ்டிஃப் ஜாதி. கன்றுக்குட்டி உயரம், தொங்கும் உதடுகள். அவற்றின் இரு ஓரங்களிலும் எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். சோறு வடிக்கும் வாசனைக்குக் கொஞ்சம் கூடும். வெயில் ஏறினால் இன்னும் கூடும். தெளிவான, நாற்றமில்லாத எச்சில். துடைப்பதற்கென்று வாசலில் ஒரு பழைய துண்டும் அடுக்களையில் ஒன்றும் வைத்திருந்தேன். அதற்கு இங்கிலீஷ்தான் புரியும் என்பதால் மாலையில் 'கம்', 'சிட்' என்று பேசிக்கொண்டிருப்பேன். அடுத்த வீட்டுப் பூட்டுப் பட்டறைக்காரரின் மனைவி சுவருக்கு அப்பாலிருந்து சிரிப்பார்.

"நாய்கிட்ட மட்டும் என்னா பேச்சு! மனுசங்களக் கண்டா வாயில பூட்டு."

சில நாட்களில் நான் கேட்ட ஒரே மனிதக்குரல் அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு கோடைக் காலையில் வாசல் துண்டு நாறியது. அதில் லேசாக ரத்தக் கறை. நாய் வாயை மூட முடியாமல் நின்றது, சோற்றைத் தொடவில்லை. எட்டிப் பார்த்த பட்டறைக்காரர் பின்வாங்கினார்.

"சார், வெறி புடிச்சிருச்சு. நொரை தள்ளுது பாருங்க."

"இதுக்கு எப்பவும் ஒழுகுறதுதானே?"

"அது வேற, இது வேற. தண்ணி வச்சுப் பாத்துருவோம். குடிக்கலைன்னா முனிசிபாலிட்டி ஆளக் கூட்டியாந்துருவேன். சுட்டுட்டுப் போகட்டும். அம்புட்டுப் பிள்ளைக திரியிற தெரு சார் இது."

தண்ணீருக்கு மிரண்டால் வெறிநாய். எங்கள் தெருவில் அதற்குமேல் விசாரணை கிடையாது. அவர் ஒரு சட்டியைக் கம்பால் தள்ளி வைத்தார். நாய் ஆவலாக ஓடி வந்து வாயை வைத்தது. வீறிட்டுத் துள்ளி விலகியது.

"பாத்தீங்களா!" என்று தெருவில் இறங்கி நடந்தார்.

நாய் மறுபடியும் சட்டியிடம் வந்தது. மறுபடியும் விலகியது. அது பயமாகத் தெரியவில்லை. தாகமும் வலியுமாகத் தெரிந்தது. தரையைப் பார்த்தேன். எப்போதும் இரு பக்கமும் ஒழுகும் நாய்க்கு இன்று இடப்பக்கம் மட்டும் சொட்டியிருந்தது. அவர் திரும்புவதற்குள் சங்கிலியைப் பிடித்து, பின்சந்து வழியாக மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தேன்.

டாக்டர் தள்ளியே நின்று, யாரையும் கடித்ததா என்று கேட்டார். இல்லை என்றேன், இடப்பக்கம் மட்டும் ஒழுகுவதைச் சொன்னேன். யோசித்தவர், கையுறை போட்டுக்கொண்டு, மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் கயிறு கட்டி ஆட்களை இழுக்கச் சொன்னார். இடப்பக்கக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே ஒரு எலும்புத் துண்டு சிக்கியிருந்தது. ஈறு சீழ் வைத்திருந்தது. குறடால் எடுத்துவிட்டார்.

"பெரிய ஜாதி நாய்க்கு ஒழுகுறது சகஜம். திடீர்னு கூடினாலோ, நாறினாலோ, ரத்தம் வந்தாலோ, சாப்பிடாம கெடந்தாலோ உடனே கொண்டாங்க. நீங்களா வாய்க்குள்ள கைய விட்டுறாதீங்க."

திரும்பியபோது வாசலில் துப்பாக்கியோடு முனிசிபாலிட்டி ஆள், பட்டறைக்காரர், பாதித் தெரு. நான் அதே சட்டியில் தண்ணீர் ஊற்றினேன். நாய் சளப்சளப்பென்று அடிவரை குடித்தது. கூட்டம் கலைந்தது.

"நல்லதாப் போச்சு சார்," என்ற பட்டறைக்காரர், எச்சில் சொட்டிய என் வீட்டுப் படியைத் தொடாமல் சுற்றிப் போனார்.

மாலையில் நாய் என் மடியில் தலையை வைத்தது. வேட்டி இரண்டு பக்கமும் நனைந்தது.

"குட் டாக்," என்றேன். சுவருக்கு அப்பால் யாரும் சிரிக்கவில்லை.