வேளாங்கண்ணியில் இல்லாத கடலா

எனக்குக் கடலில் இறங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. கல்யாணமானதிலிருந்து வேளாங்கண்ணிக்கு எத்தனையோ தடவை போய்வந்தாயிற்று. மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிய கையோடு எல்லோரும் கடலுக்கு ஓடுவார்கள். நான் மணலில் உட்கார்ந்து செருப்பு, செல்போன், மாற்றுத்துணிப் பை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வேன். யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. கழற்றிக் கழற்றி என் முன்னால் போட்டுவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

அதனால்தான் அந்தமான் என்று நான் முதலில் வாயைத் திறந்தேன். முழங்கால் தண்ணீரில் நின்றாலே மீன் தெரிகிறது என்று பிள்ளைகள் செல்போனில் காட்டியிருந்தார்கள்.

“கடல்தானே? வேளாங்கண்ணியில இல்லாத கடலா?” என்றார் என் வீட்டுக்காரர்.

விடுவேனா? சாப்பாடு போடும்போதெல்லாம் அதே பேச்சுதான். விவசாயிக்கு மே மாதத்தை விட்டால் லீவு ஏது? தையில் அறுப்பு, அப்புறம் உளுந்து, ஜூனில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் மனிதர் வயலே கதி என்று கிடப்பார். கடைசியில் சரி என்றார். சென்னையிலிருக்கும் கொழுந்தனார் குடும்பமும் சேர்ந்துகொண்டது. எந்தத் தீவு, எந்தப் படகு, எந்த ஓட்டல் எல்லாம் நான் தேடிப் பார்த்து முடிவு செய்ததுதான். ஜன்னல் சீட்டுக்கு மகளும் மகனும் போட்ட சண்டையைத் தீர்த்து வைத்ததும் நான்தான். “கட்டுச்சாதம் கிடையாது, அடுப்புக்கும் எனக்கும் லீவு” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கும்பகோணம் போய் ஒரு சுடிதார் வாங்கி, பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். புடவையோடு அலையில் நிற்க முடியாதே.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது தெருக்கோடியில் சங்குச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரரின் பெரியப்பா போய்விட்டார். வாய்க்கால் மடைத் தகராறில் எங்களோடு பேச்சை விட்டவர். எங்கள் கல்யாணத்துக்கே வரவில்லை. இருந்த வரைக்கும் எங்கள் வாசலைத் திரும்பிப் பார்க்காத மனுஷன், போகிற நேரத்தில் மட்டும் சொந்தமாகிவிட்டார்.

“ஏங்க, அவங்களுக்கும் நமக்கும்தான் ஒண்ணுமே இல்லையே” என்றேன்.

“பேச்சு விட்டுப்போனா பங்காளித் தீட்டும் விட்டுப்போயிடுமா? கருமாதி முடியாம எங்கயும் நகர முடியாது. ஊரு காறித் துப்பும்.”

கொழுந்தனார் காரில் வந்தார். அவருக்கும் அதே பெரியப்பாதான், அதே தீட்டுதான். சுடுகாட்டுக்குப் போய்வந்து தலை முழுகினார். “நாங்க மெட்ராஸ்ல இருக்கோம் அண்ணி, எங்கள யாரு கேக்கப் போறா?” என்றார். தீட்டு செங்கல்பட்டைத் தாண்டாது போலிருக்கிறது!

“பிள்ளைங்களயும் கூட்டிட்டுப் போ. சின்னதுங்களுக்கு என்ன தீட்டு?” என்றார் இவர்.

“அப்ப நான்?”

“நீ இல்லாம எப்படி?”

இந்த வார்த்தையை வேறு எதற்காவது சொல்லியிருந்தால் உருகிப்போயிருப்பேன். அன்றைக்குப் பிள்ளைகளின் பையைத் தூக்கிக்கொண்டுபோய்க் காரில் நங்கென்று வைத்தேன். பிள்ளைகள் கார் ஜன்னல் வழியாகக் கையாட்டினார்கள். ஒரு பேச்சுக்குக்கூட ‘அம்மா வரலையா’ என்று கேட்கவில்லை.

கருமாதி வரைக்கும் தினம் துக்க வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருமகள்கள் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். துக்க வீட்டில் வாங்க என்றும் சொல்லக்கூடாது, போய்வருகிறேன் என்றும் சொல்லக்கூடாது. அதனால் எங்கள் பகை யார் கண்ணுக்கும் படவில்லை. செல்போனில் படம் வந்துகொண்டே இருந்தது. பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். அதில் இடுப்பளவு நனைந்து, தலைமுடி கலைந்து, வாயெல்லாம் பல்லாக என் ஓரகத்தி. நல்லா இரு தாயே என்று மனசு சொல்லவில்லை. பொய் எதற்கு?

பிள்ளைகள் கறுத்துப்போய் வந்து சேர்ந்தார்கள். மூட்டையிலிருந்த ஈரத்துணியை நான் உதற உதறக் கூடமெல்லாம் மணல்.

“சித்தி கரையிலயே உக்காரலம்மா. காலையில இறங்கினா மதியம் வரைக்கும் தண்ணிதான்” என்றாள் மகள்.

அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது, மீன் காலில் பட்டதா என்று கேட்க எவ்வளவோ இருந்தது. என் வாயில் வந்தது வேறு.

“அப்ப செருப்பையெல்லாம் யாருடி பாத்துக்கிட்டா?”

“யாரும் இல்ல. தம்பியோடது ஒண்ணு அலையில போயிடுச்சு” என்றாள் அவள், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். “நீ வந்திருந்தா போயிருக்காதும்மா.”