நெல்லுச் சுணை

எனக்கு வாய் முந்திக்கொள்ளும். வீட்டுக்காரரிடம் யார் என்ன கேட்டாலும் பதில் என்னிடமிருந்துதான் வரும். மனுஷன் ஒரு பேச்சை ஆரம்பித்து முடிப்பதற்குள் நான் சோறு வடித்துவிடலாம். அப்படி ஒரு நிதானம் அவருக்கு.

போன வருஷம் தை மாசம் வயிற்றுவலி என்று மன்னார்குடிக்குத் தனியாகப் போய் ஸ்கேன் எடுத்தார். கையில் மருந்து ஏற்றி எடுக்கிற ஸ்கேன். அன்றைக்குத்தான் அறுப்பு மெஷினும் வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியவர் நேரே வயலுக்குப் போய்விட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கை, கழுத்தெல்லாம் தடிப்பு. "நெல்லுச் சுணைங்க, போய்க் குளிங்க" என்றேன். எண்ணெய் தடவிவிட்டேன். மறுநாள் அடங்கிவிட்டது. அறுப்புக் காலத்தில் உமியில் இருக்கிற அந்தப் பொடி முள் பட்டு எங்கள் ஊரில் சொறியாத ஆள் யார்?

சித்திரையில் வலி திரும்பியது. இந்தத் தடவை தஞ்சாவூரில் ஸ்கேன், நானும் கூடப் போனேன். நர்ஸ் ஃபாரத்தை வைத்துக்கொண்டு அவரைக் கேட்டாள். "முன்னாடி இந்த ஊசி போட்டு அரிப்பு, தடிப்பு ஏதாவது வந்துச்சாங்க?"

அவர் வாயைத் திறந்தார். நான் விடுவேனா?

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

ஊசி போட உள்ளே கூட்டிப்போய்க் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே இருமல் கேட்டது. அப்புறம் ஆட்கள் ஓடுகிற சத்தம். கதவு திறந்தபோது பார்த்தேன். உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். வாயோரம் ரோஸ் நிறத்தில் நுரை. ஐயோ, ஆற்றில் முங்கினவரைக் கரையேற்றி உட்காரவைத்த மாதிரி இருந்தார்.

"இதயத்துல கோளாறு இல்லம்மா. அந்த மருந்து ஒத்துக்கலை. நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சு" என்றார் டாக்டர். மூன்று நாள் தொண்டையில் குழாய்.

குழாயை எடுத்ததும் கரகரத்த குரலில் அவர் முதலில் சொன்னது இதுதான். "அன்னைக்கு பஸ்லயே அரிக்க ஆரம்பிச்சிடுச்சு. வயல்ல நான் இறங்கவே இல்லை, வரப்புலதான் நின்னேன்."

என்னைத் திட்டவில்லை. நர்ஸ் அன்றைக்குக் கேட்டதற்கு இப்போது பதில் சொன்னார், அவ்வளவுதான். பாவி நான், பாத்ரூமில் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

இந்தத் தையிலும் அறுப்பு. கழுத்தைச் சொறிந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். எந்த ஊசியும் போடவில்லை, எனக்குத் தெரியும். இருந்தும் அடுப்பை அப்படியே விட்டு எழுந்து வந்தேன்.

"எப்பங்க ஆரம்பிச்சுது?" என்று கேட்டேன்.

செருப்பைக் கழற்றினார். சொம்புத் தண்ணீரைக் குடித்தார். யோசித்தார். அவர் மூச்சையே கேட்டபடி, வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.