சிரித்த முகத்தில் விழுந்த புளியங்கொட்டை

போன மாதம் மாங்கேணிக்கு ஒரு பஜிரோ ஜீப்பில் போய் வந்தேன். வசதி கூடிவிட்டதா என்று பொறாமைப்பட வேண்டாம் — மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்று ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஏற்றியவர்கள் கொழும்பிலிருந்து வந்த ஒரு தொண்டு நிறுவனத்தார். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, கூடவே கண்ணாடி போட்ட ஒரு கனவான். டாக்டரையும் மருந்தையும் ஏற்றிக்கொண்டு அவர்களுடைய கிளினிக் வான் கிழமைக்கொரு தரம் மாங்கேணிக்கு வருகிறது. இனியும் வரவேண்டுமா, வேண்டாமா? ஊரின் ஆரோக்கியத்தையும் பலத்தையும் வாழ்க்கைத் தரத்தையும் மதிப்பிட்டு முடிவு செய்யப் போகிறார்களாம். அதுவும் மத்தியானத்துக்குள்!

அந்த வானின் அருமை செல்வராணிக்குத் தெரியும். மீன்பிடிகாரனின் மனைவி, அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. போன பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆமிக்காரர் சோதனைச் சென்றியில் மறித்து வைத்த ட்ரக்டர் பெட்டியிலேயே பிறந்து அங்கேயே இறந்தது. "இந்தப் புள்ளையாவது தங்கணும் அண்ணன். வான் வந்தாக் காணும், வேற ஒண்டும் வேணாம்" என்றாள். சொல்லிவிட்டு நண்டுக் கறி கிளறப் போனாள்.

ஓம், நண்டுக் கறிதான். வருகிறவர்கள் விருந்தாளிகள் அல்லவா? ஊரே கூடிச் சமைத்திருந்தது. களப்பு நண்டு, இறால், கிரானிலிருந்து சொல்லி எடுப்பித்த முட்டித் தயிர். வட்டாவில் வெற்றிலை வைத்து வரவேற்பு. கோயில் கதிரைகளைக் கூடக் கழுவிப் போட்டிருந்தார்கள். கிழமை முழுக்கக் கஞ்சி குடித்த வீடுகள் அவை.

மரத்தடியில் சார்ட் பேப்பர் விரிந்தது. அதில் ஒரு சிரித்த முகம், ஒரு அழுத முகம். ஆளுக்கொரு பிடி புளியங்கொட்டை. சாப்பாடு எப்படி? உடம்பு எப்படி? மனசு எப்படி? எந்த முகம் உங்களுடையதோ, அதில் கொட்டையை வையுங்கள்...

எல்லாக் கொட்டையும் சிரித்த முகத்தில் விழுந்தது.

செல்வராணியின் கை மட்டும் அழுத முகத்தின் பக்கம் போனது. மாமியார் தட்டிவிட்டாள். "என்னகா இது? வந்த சனம் இன்னும் கை நனைக்கல்ல, அதுக்குள்ள அழுது காட்டுறியா? மறுகா அதுகளுக்கு எப்படிச் சோறு இறங்கும்?"

அவளும் சிரித்த முகத்திலேயே வைத்துவிட்டாள்.

கனவானிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். விருந்தாளி சாப்பிடுமுன் இந்தச் சனம் தன் கஷ்டத்தைச் சொல்லாது ஐயா, சாப்பாடு முடிந்ததும் கேளுங்கள் என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "மக்களின் குரலில் நாங்கள் குறுக்கிடக் கூடாது."

மக்களின் குரலாம்! பக்கத்தில் மாமியார் பேசியது காதில் விழவில்லை, புளியங்கொட்டை பேசியது மட்டும் கேட்டிருக்கிறது. பிறகு இரண்டு தரம் நண்டு போட்டுச் சாப்பிட்டார். தயிரை வழித்தார். சாப்பாடு முடிந்ததும் கேட்டாரா? சென்றி மூடுமுன் போகவேண்டுமே — உறைப்பில் மூக்கைச் சிந்தியபடி பஜிரோவில் ஏறிவிட்டார்.

இந்தக் கிழமை முடிவு வந்தது. மாங்கேணி சத்தான உணவு உண்ணும், மனவலிமை மிக்க, மகிழ்ச்சியான சமூகமாம். அதன் பெரும் பலம் விருந்தோம்பலாம். ஆகவே வான் இனி அங்கே போகாது.

எனக்கு வந்த ஆத்திரத்தில்... சரி, பத்திரிகையில் எழுதக்கூடியதை மட்டும் எழுதுகிறேன். ஷெல் விழுகிற ஊர். நினைத்த நேரத்தில் கடலுக்குப் போகமுடியாத ஊர். அங்கே ஒரு வேளை சோறு தின்றுவிட்டு 'மகிழ்ச்சி' என்று தீர்ப்புச் சொல்ல எத்தனை பட்டம் வாங்கியிருக்க வேண்டும்? கொடுத்த சோற்றையே சாட்சியாக்கி, கொடுத்தவளின் வயிற்றில் அடிக்க எந்த யூனிவர்சிட்டியில் சொல்லித் தருகிறார்கள்?

முந்தாநாள் செல்வராணியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். இப்போது எட்டு மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பாய் எடுத்துப் போட்டாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கறியில உறைப்புக் கூடிப்போச்சா அண்ணன்? அதான் கோவிச்சிட்டாங்களா?"

இல்லை புள்ள... ருசிதான் கூடிப்போச்சு.