கடைசி ஆள் யாரு?

நெரெய்தாவை நினைத்தால் அவள் குரல்தான் முதலில் ஞாபகம் வரும். எங்கள் ஊர் சியென்ஃபுவேகோஸில் ரேஷன் கடை வாசலில் வந்து நின்று, "கடைசி ஆள் யாரு?" என்று அவள் கேட்டால் தெருநாய்கூடத் திரும்பிப் பார்க்கும். யாராவது கை தூக்குவார்கள். அவருக்கு அடுத்தது தன் முறை என்று மனதில் வைத்துக்கொண்டு மரநிழலில் போய் உட்கார்ந்துவிடுவாள். எங்கள் வரிசையில் யாரும் நிற்க மாட்டோம். யாருக்குப் பின்னால் யார் என்று பேசி வைத்துக்கொள்வதோடு சரி. பிறகு மணிக்கணக்காக அரட்டை, கிண்டல். சோப்பு இல்லை, வயிறு நிறையச் சோறு இல்லை. ஆனாலும் அந்தக் காலைகளுக்காக எனக்கு இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

வரிசையில் தகராறு வந்தால் நெரெய்தாவைத்தான் கேட்போம். சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். பொய்யே சொல்லமாட்டாள் என்ற பேர் அவளுக்கு உயிர்.

தொண்ணூறுகளில், எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு இருந்த காலத்தில், ஒரு நாள் கடைக்கு வாளியும் பெண்பிள்ளைகளுக்கான வெள்ளை ஷூவும் வந்திருந்தன. நெரெய்தா வாளிக்கு வந்தவள். அவளுக்குப் பின்னால் ஷூவுக்காக எங்கள் தெரு ஒடாலிஸ், அடுத்து நான். எங்கள் முறை நெருங்கும்போது பஸ் ஓட்டுநர் எவேலியோ மூச்சிரைக்க ஓடிவந்து ஒடாலிஸுக்கு முன்னால் புகுந்தார்.

"நான் காலைலயே கேட்டு வெச்சிட்டுத்தான் போனேன்."

"யார்கிட்ட கேட்டீங்க, சுவத்துகிட்டயா?" என்றாள் ஒடாலிஸ்.

"நாங்க யாரும் பாக்கல, பின்னால போய்யா!" என்று கூட்டமும் கத்தியது.

எவேலியோ மனைவியைப் பறிகொடுத்தவர். அந்தச் சனிக்கிழமை மகளுக்குப் பதினைந்து வயது நிறைகிறது. எங்களுக்கு அது கல்யாணம் மாதிரி. தாயில்லாத பெண் வெறுங்காலோடா ஆடுவாள்? நெரெய்தா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பின்னாலதான் இருந்தாரு," என்றாள்.

கூட்டம் அடங்கிவிட்டது. பிறகு ஒருவர், "ஆமா, நானும் பாத்தேன். தொப்பி போட்டிருந்தாரு," என்றார். "வைக்கோல் தொப்பி," என்றது இன்னொரு குரல். எவேலியோ ஜென்மத்தில் தொப்பி போட்டதில்லை. என்ன கூத்து, எனக்கே அந்தத் தொப்பி கண்ணுக்குத் தெரிந்தது! கடைசியில் ஒடாலிஸும் நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"அட, ஆமால்ல! மன்னிச்சுக்குங்க, நீங்க முன்னால போங்க."

ஒரே ஜோடிதான் மிச்சமிருந்தது. அது எவேலியோவுக்குப் போயிற்று. ஒடாலிஸின் மகள் அந்த வருடம் முழுக்க அண்ணனுடைய கிழிந்த பூட்ஸில் பள்ளிக்கூடம் போனாள்.

அந்தப் பிள்ளை தெருவில் போகும்போதெல்லாம் நெரெய்தா ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்கமுடியாமல் என்னையும் இழுத்துக்கொண்டு ஒடாலிஸ் வீட்டுக்குப் போனாள். காபிக்கொட்டை பத்தாமல் வறுத்த பட்டாணி கலந்து அரைத்த காபி வந்தது. நெரெய்தா அதைத் தொடவில்லை.

"ஒடாலிஸ், எவேலியோ அன்னிக்கு வரிசையிலயே இல்ல. எனக்குப் பின்னால நீதான் இருந்தே. நான் பொய் சொன்னேன்."

ஒடாலிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். "என் மனசு ஆறணும்னு பழிய உன் தலைல போட்டுக்கிறியா? நீயாவது, பொய் சொல்றதாவது! போடி பைத்தியம், நானே என் கண்ணால பாத்தேன்."

நெரெய்தா சத்தியம் செய்தாள், அழுதாள். ஒடாலிஸ் அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, ஆறிப்போன காபியைச் சூடாக்கிக் கொண்டுவந்தாள்.

அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் நெரெய்தா, "என் பேச்ச நம்பாதீங்க," என்பாள். இவ்வளவு நேர்மையான மனுஷி உண்டா என்று ஊர் அவளை முன்னைவிட அதிகமாக நம்பியது.