தொடாதீங்க… ச்சீ

செய்தி வந்தது சாயங்காலம் நாலே காலுக்கு. அப்போது தங்கையின் கை ஒரு பெரியவரின் வாய்க்குள் இருந்தது. பல் மருத்துவர் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருக்க, எச்சில் உறிஞ்சும் குழாயை அவள் பிடித்திருந்தாள். வரவேற்பில் இருக்கும் பெண் கதவைப் பாதி திறந்து, "உங்க அக்கா வேலை பார்க்கிற இடத்துலேருந்து போன்" என்றாள்.

"அப்புறம் பேசுறேன்னு சொல்லு."

"அவசரமாம். அக்காவைப் பத்தியாம்."

பெரியவர் திறந்த வாயோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அக்கா வேலை பார்த்தது வட்டார அருங்காட்சியகத்தில். காட்சிக்கூடக் காவலர் என்பது பதவி. அறை மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாராவது கையை நீட்டினால் "தொடாதீங்க" என்று சொல்வது வேலை. அந்த வேலைக்கென்றே பெற்றுப் போட்ட மாதிரி இருப்பாள். சிறு வயதிலேயே வீட்டில் அவளுக்குத் தொட்டாச்சிணுங்கி என்று பெயர். பிறர் கடித்து வைத்த பழத்தைப் பார்த்தால் குமட்டும். பேருந்தில் கம்பியைப் பிடிக்கத் தனிக் கைக்குட்டை வைத்திருப்பாள். தங்கை வீட்டு மாடியறையில் இத்தனை காலம் இருந்தும் அவளுடைய டம்ளர் தனி, சோப்பு தனி, துண்டு காயும் கொடி தனி. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், "ஒருத்தன் வாய் கொப்பளிக்கிற சத்தத்தை ஆயுசு பூரா யார் கேக்கறது?" என்பாள்.

ஆள் பார்த்து அவள் அருவருக்கவில்லை. திறப்பு விழாவுக்கு வந்த அமைச்சர் கை கொடுக்க வந்தபோதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை மட்டும் அசைத்தாள். அந்த விஷயத்தில் அவளுக்கு எல்லாரும் சமம்.

தங்கையோடுதான் தினம் ஒரு சண்டை.

"ஊரான் வாயில கையை விட்டுட்டு வந்து எப்படிடி உனக்குச் சாப்பாடு இறங்குது?"

"உறை போட்டுக்கிட்டுத்தானே விடறேன்."

"கைக்குப் போட்டே. மனசுக்கு?"

அடுத்த அறையிலிருந்து தங்கை கணவன் சொல்வான்: "ஒருத்திக்குக் கையைக் கண்டா வாந்தி, இன்னொருத்திக்கு வாயைக் கண்டா சம்பளம். உங்க ரெண்டு பேரையும் நான் எந்தக் குழாயில கை கழுவறது?"

இந்தக் கோடையில் அருங்காட்சியகப் பொறுப்புக்குப் புதுக் காப்பாட்சியர் வந்தார். வந்த வேகத்தில் கோடைக் கண்காட்சிக்கு "தொட்டுப் பாருங்கள்" என்று பெயர் வைத்தார். அக்காவின் அறையில் நீள மேசை ஒன்று போட்டார்கள். அதன்மேல் மான்கொம்பு, துருப்பிடித்த பூட்டு, கல் கோடரி. பக்கத்தில், இதுவரை கண்ணாடிக்குள் இருந்த பாடம் செய்த கரடி. சனிக்கிழமைகளில் மக்கள் நாள்: பாட்டு, முகத்தில் சாயம் பூசுதல், இலவசக் குளிர்பானம். இனிமேல் "தொட்டுப் பாருங்க" என்று சொல்லச் சொல்லி அக்காவுக்கு உத்தரவு. அவள் நாக்கு அதற்கு வளையவில்லை. முதல் நாளே வரிசையில் நின்ற மொத்தக் கூட்டத்தையும் பார்த்து "தொடாதீங்க" என்றாள். கூட்டம் சிரித்தது. காப்பாட்சியரும் சிரித்தார். மறுநாள் அவள் குரலைப் பதிவு செய்து, மேசைமேல் சிவப்புப் பொத்தான் வைத்த ஒரு பெட்டியை வைத்துவிட்டார். அமுக்கினால், "தொடாதீங்க… ச்சீ" என்று அக்கா பேசுவாள்.

பொத்தானைப் பற்றி அவள் வீட்டில் வாயே திறக்கவில்லை. மற்றதையெல்லாம் கொண்டுவந்து கொட்டினாள்.

"கரடி மூக்கை ஒருத்தன் நக்கிட்டான்டி."

"சின்னப் பிள்ளைங்க அப்படித்தான்க்கா."

"பிள்ளை இல்ல. அவன் அப்பன்."

அந்த அறையில் வியர்வையும் இனிப்பும் ஈரக் காலுறையும் சேர்ந்து நாறியது. குளிர்பானம் சிந்திய தரை செருப்பைப் பிடித்து இழுத்தது. மான்கொம்பின் நுனி எச்சிலில் மினுங்கியது. இவை போதாதென்று மேசைக்கு அடியில் பபிள்கம். மேலே தொட்டுப் பார்ப்பவர்கள் வாயில் இருப்பதைக் கீழே ஒட்டிவிட்டுப் போனார்கள். துப்புரவு ஆளோ, தரை தன் வேலை, மேசையின் அடிவயிறு தன் வேலையில்லை என்று சொல்லிவிட்டார்.

"உன் கையுறை ஒரு ஜோடி கொடு" என்றாள் அக்கா. "நானே சுரண்டிக்கறேன்."

"நீயா? பார்த்தாலே உனக்கு வாந்தி வருமே."

"பார்க்காமலே வருது. அது அங்க இருக்குன்னு தெரிஞ்சப்புறம் அந்த ரூம்ல எப்படி உட்கார்றது?"

சமையலறையில் கிடந்த மழுங்கின கத்தியை எடுத்துப் போனாள். கூட்டம் கலைந்தபின் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு, போன் வந்த அந்தச் சனிக்கிழமை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். இதயம் என்றார் மருத்துவர். நடந்ததை மற்றவர்கள் மென்று விழுங்க, நுழைவுச்சீட்டுக்காரர் மட்டும் தங்கையைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"மெழுகுப் பொம்மைன்னு நினைச்சிட்டாங்கம்மா. கண்காட்சி பேரே அப்படியா… வந்தவங்க எல்லாம் தொட்டுப் பார்த்திருக்காங்க. ஒருத்தர் குழந்தையைத் தூக்கிக் கன்னத்தைத் தொட வெச்சிருக்கார். போட்டோகூட எடுத்தாங்களாம். ஒரு பொண்ணுதான், இந்தப் பொம்மை ஜில்லுன்னு இருக்குன்னு என்கிட்ட வந்து சொல்லிச்சு."

"எத்தனை பேர் தொட்டாங்க?"



அடக்கம் முடிந்த மறு வாரம், அக்காவின் பொருள்களை வாங்கப் போனாள் தங்கை. தாழ்வாரத்தில் திரும்பும்போது அக்கா பேசினாள். "தொடாதீங்க… ச்சீ." ஒரு கூட்டச் சிரிப்பு. மறுபடி அக்கா. மறுபடி சிரிப்பு.

பொத்தானுக்குப் பின்னால் இப்போது அக்காவின் படம் இருந்தது. கீழே கொட்டை எழுத்தில்: "நம் இதயங்களைத் தொட்டவர்." மிட்டாய்ப் பாகு பூசிய விரல்கள் வரிசையாக வந்து அவளை அமுக்கிவிட்டுப் போயின.

காப்பாட்சியர் தன் அறையில் கேக் தின்றுகொண்டிருந்தார்.

"அந்தப் பொத்தானை எடுத்துடுங்க சார்."

"மேடம், அது நாங்க செலுத்தற அஞ்சலி. பிள்ளைங்க அவங்களை மறக்கவே மாட்டாங்க."

"சிரிக்கறாங்க சார்."

"சிரிப்பைவிட நல்ல ஞாபகம் உண்டா? கோடை முடியட்டும், பார்க்கலாம்."

பேசும்போது கேக் துணுக்கு ஒன்று அவர் வாயிலிருந்து பறந்து தங்கையின் சட்டைக் கையில் ஒட்டியது. அவர் கவனிக்கவில்லை. தினமும் பத்து வாய்க்குள் எட்டிப் பார்ப்பவள் அவள்; சீழும் சொத்தையும் பார்த்தவள். அன்று அந்தத் துணுக்கை விரலால் தொடாமல், கைக்குட்டையை எடுத்துத் தட்டிவிட்டாள்.

வெளியே நுழைவுச்சீட்டுக்காரர் காத்திருந்தார். "முடியாதுன்னாரா?"

"ஆமா. அந்த ச்சீ… அவ இப்படி நடிச்சுச் சொல்ற ஆளே இல்லையே."

"நடிக்கலம்மா. நான் பக்கத்துலதான் நின்னேன். 'தொடாதீங்க'ன்னு சொல்லி முடிச்சுட்டாங்க. சத்தம் பத்தலன்னு சார் மைக்கை இன்னும் கிட்டத் தள்ளினார், உதட்டுல பட்டுடுச்சு. அதுக்கு முன்னாடி அதுல பத்துப் பேர் பேசி, ஒருத்தர் பாடியும் முடிச்சிருந்தாங்க. அந்த ச்சீ அதுக்கு வந்தது. சார் அதையும் சேர்த்து வெச்சுட்டார்."

தங்கை நேரே அக்காவின் காட்சியறைக்குள் போய் மேசைக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். நுழைவுச்சீட்டுக்காரர் வரிசைக்கும் மேசைக்கும் நடுவே முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "மிஷின் ரிப்பேருங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நீ எங்கடா வர்றே, கரடியை நக்கு போ."

ஒயர் மேசைக்காலை ஒட்டி இறங்கியிருந்தது. பிடுங்கினாள். மேலே ஒரு விரல் பொத்தானை அமுக்கும் சத்தம், மறுபடியும் அமுக்கும் சத்தம்.

"அம்மா, இது செத்துப்போச்சு."

"பெட்டியையும் எடுத்துக்கங்க" என்று முணுமுணுத்தார் நுழைவுச்சீட்டுக்காரர். "தொலைஞ்சு போச்சுன்னு நான் சொல்லிக்கறேன். இத்தனை பூட்டு இருக்கு, இங்க ஒண்ணும் பத்திரமா இருந்ததில்ல."

அவள் கையை மட்டும் மேலே நீட்டிப் பெட்டியை இறக்கிக் கைப்பையில் போட்டாள். அப்போதுதான் தலைக்கு மேலே பார்த்தாள். குறுக்குச் சட்டத்தில் சமையலறைக் கத்தி இருந்தது, அவள் கொடுத்த கையுறையில் சுற்றி. கத்தியை எடுத்துப் பக்கத்திலிருந்த பபிள்கத்தைச் சுரண்டப் போனாள். அதில் யாருடைய கடைவாய்ப் பல்லோ அச்சாகப் பதிந்திருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அந்த மேசையின் அடிப்பக்கத்தில் வாசல் பக்கத்துப் பாதி சுத்தமாக இருக்கிறது. சுவர்ப் பக்கத்துப் பாதியில் பபிள்கம் அப்படியே இருக்கிறது.